அம்மாவுக்கு வைத்திருந்த இடம்

அத்தியாயம் 9

டாக்டர் கையை விரித்த நாளிலிருந்து ஐவி ஓர்மராட்டுக்கு ஒரே கவலைதான். சாவைப் பற்றி இல்லை. செத்த பிறகு எங்கே படுப்பது என்பதைப் பற்றி.

"உங்கப்பா பக்கத்துல எனக்கு இடம் இருக்கு. நான் அங்கேதான் போவேன்."

மூச்சு வாங்கும். ஒரு கை நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொள்ளும். ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் அம்மாவின் குரல் தெளிவாக வரும்.

அவள் சொன்ன இடம் வட இங்கிலாந்தில், ஹெல்ம்ஷா ஊருக்கு மேலே, மலைச்சரிவில், மூடிக்கிடக்கும் பெத்தெஸ்தா சபையின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ஒருவர்மேல் ஒருவராக மூன்று பேரை வைக்கலாம் என்று அப்பா கிளிஃபோர்ட் விலைக்கு வாங்கிய குழி அது. எல்லாவற்றுக்கும் அடியில் அப்பாவைப் பெற்றவள். அவளுக்கு மேலே அப்பா. மேல்தட்டு அம்மாவுக்கு. கல்லில்கூட அப்பாவின் பெயருக்குக் கீழே கொஞ்சம் வழவழப்பான வெற்றிடம் விட்டிருந்தது. அம்மா அதைப் பலமுறை விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள்.

மூத்தவன் நெவிலுக்கு இது பிடிக்கவில்லை. எரித்துவிடலாம், சுத்தமான வேலை, மழையில் மலை ஏற வேண்டாம் என்று மூன்று மாதமாக ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் ஏன் இத்தனை பிடிவாதம் பிடிக்கிறான் என்று தங்கை ஏவ்ரிலுக்குப் புரியவில்லை. கோடையில் அண்ணனும் தங்கையும் இதற்காகப் பேசாமல் இருந்ததும், அம்மா நடுவில் உட்கார்ந்து அழுததும் போன அத்தியாயங்களின் கதை.

சபை மூடியாகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். குழியில் இடம் இருக்கிறதா என்று இப்போது யாரைக் கேட்பது? அடக்கச் சடங்கு நடத்துகிற கடைக்காரர்தான் வழி சொன்னார். "குடும்ப வரலாற்றுச் சங்கத்துல கேளுங்க. அந்தத் தோட்டத்துல ஒரு கல் விடாம படிச்சு வெச்சிருக்காங்க. ஆனா உறுப்பினரா சேர்ந்தாத்தான் தேடித் தருவாங்க."

ஏவ்ரில் சேர்ந்தாள். சேரும்போது, எந்தெந்தக் குடும்பப் பெயர்களைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பையே அவளும் செய்தாள். ஓர்மராட் என்று ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல், ஞாபகத்துக்கு வந்த பெயரையெல்லாம் கொடுத்தாள். அதில் ஒன்று ஹோல்ராய்ட். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது மாடி அறையில் வாடகைக்கு இருந்த லென் மாமாவின் பெயர்.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது நெவில் வந்தான். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று கஸ்டர்ட் டார்ட் வாங்கி வந்திருந்தான். ஐம்பதைத் தொடப்போகும் தச்சன். கதவு நிலையை அடைக்கிற தோள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"சங்கத்துக்கு."

"செத்தவங்க கிளப்புக்கா? சந்தா கட்டிச் சேர அப்படி என்ன அவசரம்? நேரம் வந்தா எல்லாரையும் சும்மாவே சேத்துக்குவாங்க."

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. நெவில் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான். அம்மாவிடம் அவன் எப்போதும் அப்படித்தான். அப்பா போன பிறகு ஒரு நாள்கூட அவளைப் பார்க்காமல் இருந்ததில்லை.

"இன்னிக்குக் குழிவெட்டற வால்ட் வர்றார்" என்றாள் ஏவ்ரில். "கம்பி இறக்கிப் பாக்கப் போறாங்க."

டார்ட் பெட்டியின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்த நெவிலின் விரல்கள் நின்றன.

"என்ன கம்பி?"

"குழியில எவ்வளவு ஆழம் பாக்கி இருக்குன்னு பாக்கற கம்பி. உனக்குத் தெரியாததா?"

"அம்மா உசிரோட உக்காந்திருக்கா. இப்பவே போய் குழியைக் குத்தணுமா? வெக்கமா இல்லை உனக்கு?"

"நான்தாண்டா குத்தச் சொன்னேன்" என்றாள் அம்மா. "டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி சீட் இருக்கான்னு பாக்க வேணாமா?"

நெவில் சிரிக்கவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டான். மதியம் என்று ஏவ்ரில் சொன்னாள். அவன் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டான். அந்த வீட்டில் அவன் டீ குடிக்காமல் போய் ஏவ்ரில் பார்த்ததில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது.

சங்கம் நூலகத்தின் மாடியில் நடக்கிறது. சனிக்கிழமை என்றால் கூட்டம். ஈரக் கோட்டுகளின் வாடை, டீ அண்டாவின் முனகல், பழைய பதிவேடுகள் ஓடும் திரைகளுக்கு முன்னால் குனிந்த நரைத்த தலைகள். யாருக்காவது வம்சத்தில் ஒரு குதிரைத் திருடன் அகப்பட்டால் மற்றவர்கள் பொறாமைப்படுகிற இடம் அது. ஒழுங்காக வாழ்ந்து ஒழுங்காகச் செத்தவர்களுக்கு அங்கே மதிப்பே கிடையாது.

செயலாளர் மார்ஜரி டாட்டர்சால் கையில் பிஸ்கட் தட்டோடு ஓடிவந்தாள்.

"வா கண்ணு, வா. உனக்கு ஒரு ஜோடி கிடைச்சிருக்கு."

"ஒரு தடவை கிடைச்சதே போதும் மார்ஜரி. அவன் வேற ஒருத்தியோட போய் ஆறு வருஷமாச்சு."

"அந்த ஜோடி இல்லை. பேர் ஜோடி. நீ சொன்ன பேரையே இன்னொருத்தரும் தேடறாங்க. ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கறதுதானே எங்க வேலையே. ஹோல்ராய்ட்னு சொன்னியே, அதுக்கு. டாட்மார்டன்லேர்ந்து உன்னைப் பாக்கத்தான் பஸ் பிடிச்சு வந்திருக்காங்க."

ஜன்னலோரம் ஒரு பெண்மணி எழுந்தார். எழுபது வயதிருக்கும். மெலிந்த உடம்பு. தலையில் கட்டியிருந்த பிளாஸ்டிக் மழைத்துணியை அவிழ்த்து, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தபிறகுதான் கை நீட்டினார்.

"ஃப்ரீடா ஹோல்ராய்ட். லென் என் தம்பி."

ஏவ்ரிலுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "லென் மாமாவுக்கு அக்கா இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது. எப்படி இருக்கார்? இன்னும் கனடாவுலதானா?"

ஃப்ரீடா உட்கார்ந்தார்.

"அதைத்தான் உங்ககிட்ட கேக்கலாம்னு வந்தேன்" என்றார்.

மார்ஜரி பிஸ்கட் தட்டை வைத்துவிட்டு மெல்ல நகர்ந்துகொண்டாள்.

"என் பொறந்தநாளுக்கு ஒரு வருஷம்கூட அட்டை அனுப்பாம இருந்ததில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திமூணோட நின்னுபோச்சு. உங்க வீட்டுக்கு எழுதிக் கேட்டேன். உங்க அண்ணன்தான் பதில் போட்டார். கனடா போயிட்டார், விலாசம் தெரியாதுன்னு."

"அண்ணனா? எங்கம்மாவுக்கு நீங்க எழுதினதே தெரியாதே."

"உங்கம்மா பேருக்குத்தான் எழுதினேன்."

ஏவ்ரில் டீயை வாயில் வைத்தாள். சுட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்த வருஷம் ஆலை விடுமுறையப்போ நாங்க ப்ளாக்பூல் போயிருந்தோம்" என்றாள். "நானும் அம்மாவும். ஊர்ல ஒரு ஈ காக்கா கிடையாது, தெரியுமில்லை? எல்லா ஆலையும் மூடி, எல்லாரும் கடற்கரைக்குப் போயிடுவாங்க. திரும்பி வந்தா மாமா ரூம் காலி. சட்டை, சவரக்கத்தி எதுவும் இல்லை. கனடாவுல வேலை கிடைச்சு அவசரமா கிளம்பிட்டார்னு..."

"யார் சொன்னது?"

"அண்ணன்தான். அவன் மட்டும்தான் ஊர்ல இருந்தான்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. இருபத்தொரு வருடமாக எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இதற்கு முன் ஒரு தடவைகூட அது அவளை உறுத்தியதில்லை.

ஃப்ரீடா அவள் முகத்தைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துப் பேசினார். "கனடாவுலயும் இதே மாதிரி சங்கங்கள் இருக்கு. இங்கேயிருந்து ஒவ்வொண்ணுக்கா கேட்டு எழுதினாங்க. அவங்களும் நல்லவங்க, தேடாத இடமில்லை. அப்படி ஒரு ஆள் வந்ததாவே தெரியலைன்னுட்டாங்க. ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. அவனோட பிறப்புச் சான்றிதழ் இன்னிக்கும் என் அலமாரியிலதான் இருக்கு. அதைக் கேட்டு வாங்காம அவன் எப்படி பாஸ்போர்ட் எடுத்தான்?"

பக்கத்து மேஜையில் யாரோ தன் கொள்ளுத்தாத்தா சிறையில் இருந்ததைக் கண்டுபிடித்துக் கைதட்டினார்கள்.

"அவன் செத்திருப்பான்னு என் மனசுக்குத் தெரியும்" என்றார் ஃப்ரீடா. "சண்டை போட வரலை. போய் நிக்கறதுக்கு ஒரு இடம் வேணும், அவ்வளவுதான். ஒரு கல்லு. பூ வைக்கறதுக்கு. வயசாயிட்டுது, எனக்கு வேற யாரும் இல்லை."

காலையில் அம்மா கேட்டதும் அதே ஓர் இடம்தான். ஏவ்ரிலின் நெஞ்சு இளகிவிட்டது. இளகினால் அவள் செய்கிற காரியம் ஒன்று உண்டு, சாப்பிடக் கூப்பிடுவது.

"நாளைக்கு டீக்கு வாங்க. அம்மாவுக்கு உடம்புதான் முடியலை, ஞாபகம் எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. லென் மாமாவைப் பத்திப் பேசினா சந்தோஷப்படுவாங்க." சற்றுத் தயங்கிவிட்டு, "அவங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கறதா இருந்தாங்க. ப்ளாக்பூல்ல அம்மா அதுக்குன்னு ஒரு நீலத் தொப்பி வாங்கினாங்க. போட்டதே இல்லை" என்றாள்.

ஃப்ரீடா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாளை வருவதாகச் சொன்னார்.

பெத்தெஸ்தா தோட்டத்துக்கு ஏவ்ரிலைக் காரில் கூட்டிப்போனவர் சங்கத்தின் ஹார்கிரீவ்ஸ். ஓய்வுபெற்ற பஸ் இன்ஸ்பெக்டர். செத்தவர்களைக்கூட டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை அவருக்கு இன்னும் போகவில்லை. மழை விட்டிருந்தது. மேகம் மட்டும் புல்தரைவரை இறங்கிவந்து உட்கார்ந்திருந்தது.

அப்பாவின் கல்லுக்கு முன்னால் வால்ட் காத்திருந்தார். குழிவெட்டும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். கையில் ஆளுயரக் கம்பி, தலைப்பில் குறுக்குப் பிடி.

"எங்க கணக்குல இதுல ரெண்டே பேர்தான்" என்றார் ஹார்கிரீவ்ஸ். "கல்லும் அதைத்தான் சொல்லுது. உங்கம்மாவுக்கு இடம் இருக்கணும். இருந்தாலும் நாங்க வாய்வார்த்தையா சொல்றதில்லை கண்ணு. வால்ட் பாத்துச் சொன்னாத்தான்."

வால்ட் கம்பியைப் புல்லில் ஊன்றிப் பிடியின்மேல் உடம்பைச் சாய்த்தார். ஈர மண்ணில் அது சுலபமாக இறங்கியது. பிறகு நின்றது.

அவர் வெளியே இழுத்தார். ஓர் அடி தள்ளி மறுபடி ஊன்றினார். அதே ஆழத்தில் நின்றது. கால்மாட்டுப் பக்கம் போய் இன்னொரு முறை. அங்கும் அப்படியே. கம்பியில் மண் ஒட்டியிருந்த அளவைத் தன் உடம்போடு வைத்துப் பார்த்தார். இடுப்புவரை வந்தது.

"என்ன?" என்றாள் ஏவ்ரில்.

"உங்கப்பா இதுக்கு ரொம்பக் கீழே இருக்கணும்மா."

"அப்படின்னா?"

வால்ட் தொப்பியைக் கழற்றினார்.

"மேல்தட்டுல ஆள் இருக்கு" என்றார்.

"அது பாறை."

குரல் பின்னாலிருந்து வந்தது. நெவிலின் வேன் கேட்டருகே நின்றிருந்தது. எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியாது. கல்லறைகளுக்கு நடுவே நேராக வந்தவன், அப்பாவின் குழியைச் சுற்றியிருந்த கல்விளிம்புக்கு வெளியே நின்றுகொண்டான்.

"இந்த மலை பூரா பாறைதான். வெட்டினவனுக்குத் தெரியும்."

"பாறைன்னா கணீர்னு கேக்கும் நெவில்" என்றார் வால்ட். கோபமில்லாமல்தான் சொன்னார். "இது மொத்துன்னு கேக்குது. பலகைச் சத்தம். உனக்கு நான் சொல்லணுமா? அந்தக் காலத்துல சனிக்கிழமையானா இங்கே வெட்டினதே நீதானே. இவனை மாதிரி குழிச் சுவரு நேரா எடுக்கறவன் கிடையாதும்மா. பெட்டியும் அவனே அடிப்பான், குழியும் அவனே எடுப்பான்."

அவர் புகழ்ந்துதான் சொன்னார். ஏவ்ரில் அண்ணனைப் பார்த்தாள். அவன் வால்ட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹார்கிரீவ்ஸ் தொண்டையைக் கனைத்தார். இத்தனை வருடத்தில் சங்கம் இப்படி ஒன்றை எதிர்கொண்டதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"சில சமயம் ஒரு சொந்தக்காரரை வெச்சுட்டுக் கல்லுல பேர் போட மறந்துடுவாங்க. அப்படி யாராவது..."

"எங்க வீட்டுல வேற யாரும் சாகலை" என்றாள் ஏவ்ரில்.

"ம்." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அப்போ நான் உள்ளதைச் சொல்லிடறேன் கண்ணு. நீங்க உங்கம்மாவுக்கு இடம் கேட்டீங்கன்னா நான் திங்கட்கிழமை சபை அறங்காவலர்களுக்கு எழுதியாகணும். அவங்க போலீஸுக்குச் சொல்லாம இதைத் திறக்க விடமாட்டாங்க. இடம் வேணாம்னு நீங்க சொல்லிட்டா திறக்க வேண்டிய அவசியமே இல்லை. கல்லைப் படிக்கறதுதான் எங்க வேலை. அதுக்குக் கீழே இருக்கறது எங்க வேலை இல்லை."

நல்ல மனிதர். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

வால்ட்டும் அவரும் காரை நோக்கி நடந்ததும் நெவில் கிட்டே வந்தான். மரத்தூள் வாசனை அடித்தது. சின்ன வயதில் அந்த வாசனை வந்தாலே ஏவ்ரிலுக்குப் பயம் போய்விடும். இன்றைக்கு அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். நகர்ந்ததை அவனும் கவனித்தான்.

"அம்மாகிட்ட பாறைன்னு சொல்லிடு."

"இன்னிக்கு லென் மாமாவோட அக்காவைப் பாத்தேன் நெவில்."

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் அவளை இன்னும் கலக்கியது. அந்தப் பெயரைக் கேட்டால் எந்த மனிதனும் யார், எங்கே, என்ன சொன்னாள் என்று கேட்டிருப்பான்.

"பாறைன்னு சொல்லிடு" என்று மறுபடி சொல்லிவிட்டு அவன் வேனுக்குப் போனான்.

வீட்டில் குளிர்காயும் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா விழித்துத்தான் இருந்தாள். ஏவ்ரில் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன, சீட் இருக்கா?"

ஏவ்ரிலுக்குப் பாறை என்று சொல்ல வரவில்லை. இரண்டு பேர் இருக்க வேண்டிய குழியில் மூன்று பேர் இருப்பதாக வால்ட் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டாள். அதற்குள் பின்கதவு திறந்தது. நெவில் சமையலறையைக் கடந்து வந்து கதவு நிலையில் நின்றான்.

அம்மா அவனைப் பார்க்கவில்லை. "எவ்வளவு ஆழத்துல?" என்று மகளைக் கேட்டாள்.

ஏவ்ரில் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

"பாறைம்மா" என்றான் நெவில். "வால்ட் கிழவனுக்குக் காது போயிடுச்சு."

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"ப்ளாக்பூல்லேர்ந்து வந்த மறுநாள், லென் போயிட்டாருன்னு தெரிஞ்சதும், எனக்கு வீட்டுல இருக்கப் பிடிக்கலை. உங்கப்பாவைப் பாக்கப் போனேன். அவர்கிட்டயாவது அழலாம்னு. குழிமேல புல்லு புதுசா போட்டிருந்துச்சு. ஓரமெல்லாம் நறுக்கி, அவ்வளவு அழகா. யாருடா பண்ணினதுன்னு இவனைக் கேட்டேன். உனக்காகத்தாம்மா சரிபண்ணினேன்னான்."

நெவில் அசையவில்லை.

"ஒரு ஆம்பிளை என்னை விட்டுட்டு ஓடிட்டான், என் பையனாவது இருக்கானேன்னு நினைச்சேன். அந்தப் புல்லு மேலயே நின்னு இவனுக்கு முத்தம் குடுத்தேன்."

ஏவ்ரில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நெவில். உள்ளே இருக்கறது யாரு?"

"கேக்காதே" என்றாள் அம்மா.

"அம்மா..."

"கேக்காதேன்னு சொல்றேன். அவன் பதில் சொல்லிட்டான்னா நமக்குத் தெரிஞ்சுபோயிடும்."

நெவில் வந்து அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். அத்தனை பெரிய உடம்பு மடங்கிச் சின்னதாகி, தலை அவள் முழங்காலில் சாய்ந்தது. தோள் குலுங்கியது. அம்மாவின் கை அவன் தலைக்குமேல் எழுந்தது. தொடவில்லை. சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டு நாற்காலியின் பிடிக்கே திரும்பிப் போய்விட்டது.

"என்னை எரிச்சிடுங்க" என்றாள்.

ஏவ்ரில் அழுதாள். மூன்று மாதம் அண்ணனோடு சண்டை போட்டு, சங்கத்தில் சேர்ந்து, மலைக்குப் போய் அவள் அம்மாவுக்காகக் காப்பாற்றப் பார்த்த ஒரே ஒரு ஆசை. அதை அம்மா இப்படி ஒரு வாக்கியத்தில் தூக்கிப் போட்டுவிட்டாள். பாவமாக இருந்தது. பாவத்தைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அம்மாமேல் இவ்வளவு கோபம் தனக்கு வருமென்று அவள் நினைத்ததே இல்லை.

"அந்த பஸ் இன்ஸ்பெக்டர்கிட்ட இடம் வேணாம்னு சொல்லிடு. அதோட முடிஞ்சுது."

"முடியலைம்மா." ஏவ்ரில் கண்ணைத் துடைத்தாள். "நாளைக்கு லென் மாமாவோட அக்கா டீக்கு வர்றாங்க. இருபது வருஷமா தேடறாங்க. நான்தான் கூப்பிட்டேன்."

நெவில் தலையைத் தூக்கினான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இவன் வீட்டுல இருக்க வேணாம்" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே. "நான் மூச்சு முடியலைன்னு மாடியில படுத்துக்கறேன். நீதான் அந்தம்மாவோட உக்காரணும். லென் கனடா போறேன்னு என்கிட்டயே சொன்னாரு, அங்கேயிருந்து ஒரு தடவை எழுதினாருன்னு சொல்லிடு."

"நானா? என்னால முடியாதும்மா. எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு உனக்கே தெரியும்."

"தெரியும் கண்ணு" என்றாள் அம்மா. "அதனாலதான் நீ சொன்னா நம்புவாங்க."